கல் நிற்கும் நேரம்

ஆகஸ்ட் 4, திங்கள்

லேபுக்கு வரும் மருந்துக் கம்பெனிக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி இத்தனை நாளும் ஃப்ரிட்ஜ் மேல் சும்மா கிடந்தது. இன்றைக்குத்தான் பிரிக்கிறேன். வீட்டில் பேச ஆள் இல்லாவிட்டால் எழுதியாவது தொலைக்கலாமே. ஆள் இல்லாமல் இல்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். கூப்பிட்டால் "ம்" என்பார். அந்த "ம்"மை வைத்துக்கொண்டு நான் என்ன குழம்பா வைக்க முடியும்?

ஏப்ரல் மாசம் நாகல்நகர் பக்கம் என் வீட்டுக்காரர் இன்னாசி ஸ்கூட்டரோடு விழுந்தார். வலது மேல்கை எலும்பு முறிந்தது. மாவுக்கட்டுப் போட்டதில் எலும்பு கூடிவிட்டது. எலும்பை ஒட்டி ஓடும் நரம்பு அடிபட்டதால் மணிக்கட்டு தொங்கிப்போனது. விரலை மடக்குவார், பட்டனை அழுத்துவார். அழுத்தின விரலைத் தூக்கத்தான் முடியாது. தூக்க வேண்டுமானால் முழங்கையோடு சேர்த்துக் கையையே தூக்க வேண்டும்.

மதுரை டாக்டர் செப்டம்பர் ஐந்தாம் தேதி நரம்பு டெஸ்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார். அதற்குள் நரம்பில் தானாக உயிர் வந்தால் அப்படியே விட்டுவிடலாமாம். வராவிட்டால் கையைத் திறந்து பார்க்க வேண்டும். ரொம்பத் தள்ளிப்போட்டால் தசை காய்ந்துவிடும், பிறகு எதுவும் செய்வதற்கில்லை என்று தெளிவாகச் சொன்னார்.

இவருக்கு ஆபரேஷன் என்ற பேச்சை எடுத்தாலே முகம் வெளுத்துவிடும். ஊசிக்கே தலையைத் திருப்பிக்கொள்கிற மனுஷன். கட்டிக்கொண்டதோ ரத்தம் எடுக்கிறவளை.

ஆகஸ்ட் 6, புதன்

இவர் விளையாடுவது "பாதாளக் கோட்டை" என்ற பழைய விளையாட்டு. குதித்து, தொங்கி, கதவு திறந்து, குகை குகையாகப் போக வேண்டும். அதைச் செய்த கம்பெனி அதை மறந்து வருஷக்கணக்காகிறது. அதை விளையாடுகிற இதுகள் மறக்கவில்லை. விளையாட்டோடு கூடவே குகை கட்டும் வசதியும் இருப்பதால் ஆளாளுக்குச் சொந்தமாக லெவல் கட்டி, முடிந்தால் தாண்டிப் பார் என்று அடுத்தவனுக்கு அனுப்புகிறார்கள். திண்டுக்கல், யாழ்ப்பாணம், கோலாலம்பூர் என்று ஒரு கூட்டமே இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு போட்டி. இந்த வருஷம் கடைசி நாள் செப்டம்பர் முப்பது.

அதில் ஒரு சட்டம் உண்டு. லெவலைக் கட்டினவனே அதைத் தாண்டிக் காட்ட வேண்டும். நடுவில் வெட்டாத வீடியோவாக, கை தெரிய எடுக்க வேண்டும். யாரோ ஒருத்தன் தாண்டவே முடியாத ஒன்றைக் கட்டிவிட்டு ஆளுகளைப் பல வாரம் அலையவிட்ட கோபத்தில், இவர்தான் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தார்.

"கஷ்டம் வேற, ஏமாத்து வேற ரெஜி. கஷ்டமா எவ்வளவு வேணா வைக்கலாம். ஆனா செத்தவனுக்கு ஏன் செத்தோம்னு தெரியணும்" என்பார். இவர் லெவலில் விழுகிறவன் இவரைத் திட்டமாட்டானாம், தன்னைத்தான் திட்டிக்கொள்வானாம். அதில் ஒரு பெருமை.

இந்த வருஷ லெவலில் பூமிக்கடியில் ஒரு குளம். குளத்தில் வரிசையாகக் கற்கள். கால் வைத்ததும் கல் கொஞ்ச நேரம் நிற்கும், பிறகு மூழ்கும். அதற்குள், இடது கை திசையைப் பிடித்திருக்க, வலது கையால் பட்டனை அழுத்தி, விரலை எடுத்து, மறுபடி அழுத்தி அடுத்த கல்லுக்குத் தாவ வேண்டும். பாதி லெவலை விபத்துக்கு முன்னால் கட்டியிருந்தார். மீதியை அவர் சொல்லச் சொல்ல மௌஸைப் பிடித்து நான் கட்டினேன். "ஒரு கட்டம் இடது. அது இல்ல. இங்கிட்டு. ஏய், கல்ல எங்க கொண்டுபோற?" என்று என்னைப் பாடாய்ப் படுத்திவிட்டார். கல்லின் மேல் தட்டினால் ஒரு பெட்டி திறக்கும். அதில் "நிற்கும் நேரம்" என்று ஒரு இடம். எல்லாக் கல்லுக்கும் ஆறு என்று போடச் சொன்னார், முழுசாக ஒரு நொடிகூட வராதாம். போட்டேன்.

கட்டி முடித்து மூன்று வாரமாகிறது. இனி ஒன்றையும் தொடமாட்டாராம். தாண்டிப் பழகுவது மட்டும்தான்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பூசை முடிந்து வந்து மட்டன் எடுத்து வறுத்தேன். தொடவில்லை. மத்தியானம் முழுக்க முதல் கல்லிலேயே விழுந்துகொண்டிருந்தார். தண்ணீர்ச் சத்தம் சமையலறை வரைக்கும் கேட்டது.

சாயங்காலம் சொன்னார்: "ஷகிலாட்டச் சொல்லிரு, நாளைலருந்து வரலன்னு."

அடுத்த தெருவில் பிசியோதெரபி பார்க்கிற பெண் ஷகிலா. தினமும் மூன்று மணிக்குப் போய்க் கை பழகிவிட்டு வருவார்.

"என்னத்துக்கு வரல?"

"நான் கட்டுனத நானே தாண்ட முடியல. இந்தக் கையப் பிடிச்சு அவ இழுத்து என்ன ஆகப்போகுது?"

"ஒரு கம்ப்யூட்டர் குளத்துல விழுந்ததுக்கு நெசக் கைய விடுவீங்களா?"

"உனக்குப் புரியாது" என்றார். எனக்குப் புரியாத விஷயங்கள் நிறைய இருக்கின்றன. அதற்காக நான் வேலைக்குப் போகாமல் இருக்கிறேனா?

ஆகஸ்ட் 11, திங்கள்

போகவில்லை. பழைய மட்டனைச் சூடு பண்ணி நானே தின்றேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

லேப் முடிந்து வந்ததும் சண்டை போட்டு, செருப்பை எடுத்துக் காலடியில் வைத்து, ஷகிலாவிடம் துரத்திவிட்டேன். அவர் திரும்பி வருவதற்குள் கம்ப்யூட்டர் மேசையைத் துடைத்தேன். கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினேன், மிக்சர் மிக்சராகக் கொட்டியது. கொஞ்சம் சரிசெய்தேன். வேறொன்றும் இல்லை.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் "ரெஜி, ரெண்டாவது கல்லுல நிக்கிறேன்" என்று குரல் வந்தது. மனுஷன் குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

மாதா திருநாள். காலையில் குளித்துத் தயாராகி எனக்கு முன்னால் வாசலில் நின்றார். வழியில் தெரிந்தவர்களிடமெல்லாம் பேச்சு. "கை எப்படி இருக்கு?" என்று பீட்டர் வாத்தியார் கேட்டதற்கு, "வருது சார், வருது" என்றார்.

மூன்றாவது கல் வரைக்கும் போய்விட்டார். ஏழு எட்டாகியிருக்கிறது. எனக்கும் மனசு லேசாக இருந்தது. கோயிலில் வெகுநேரம் மண்டி போட்டேன். என்ன ஜெபித்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஆகஸ்ட் 18, திங்கள்

லேபில் ஒரு பெரியவர் என் உயிரை எடுத்துவிட்டார். சுகர் இருநூற்றைத் தாண்டிவிட்டது. "நூத்தி நாப்பதுன்னு போட்டுரும்மா, மக பாத்தா சாப்பாட்டக் கொறச்சிருவா, மனசு கேக்காதும்மா" என்று கெஞ்சுகிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "நம்பர மாத்திக் குடுக்கவா நான் உக்காந்திருக்கேன்? உங்க நல்லதுக்குத்தான உள்ளத உள்ளபடி போடுறோம்" என்று நாலு பேர் முன்னால் சத்தம் போட்டுவிட்டேன். பாவம், தலையைக் குனிந்துகொண்டு போனார்.

ஆகஸ்ட் 21, வியாழன்

யாழ்ப்பாணத்திலிருந்து குகனின் குரல் செய்தி வந்தது. அந்தக் கூட்டத்தை நடத்துகிற பையன். ஜூலையில் இவர் அனுப்பிய பிரதியை விளையாடிப் பார்த்திருக்கிறான். சத்தமாக வைத்து என்னையும் கேட்கச் சொன்னார்.

"அண்ணை, மூண்டாவது கல்லுக்கு அங்கால என்னால போக ஏலாமல் கிடக்கு. ஆனா ஒண்டு சொல்லோணும், ஒவ்வொரு முறையும் என்ர பிழையாலதான் விழுந்தனான். உங்களில ஒரு குறையும் சொல்ல ஏலாது."

இவருக்கு வாயெல்லாம் பல். உடனே பதில் பேசினார்: "தம்பி, நான் இந்தக் கையோட நாலாவதுல நிக்கிறேன் பாத்துக்க."

அடுத்த நிமிஷம் அவன்: "அண்ணை, ரெண்டு நல்ல கையோட நான் மூண்டில நிக்கிறன். நீங்கள் பெரிய ஆள்தான்."

அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது. துடைக்கப் போய்விட்டேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

ஷகிலாவைக் காய்கறிக் கடையில் பார்த்தேன். கை எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"தோளு, முழங்கை எல்லாம் நல்லாருக்குக்கா. மணிக்கட்டுலதான் ஒண்ணும் காணோம். வந்த அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படியேதான் இருக்கு. அண்ணன்தான் வந்துருச்சு, வந்துருச்சுன்னு சொல்லிக்கிட்டே இருக்காரு. அஞ்சாம் தேதி டெஸ்ட மட்டும் விட்டுறாதீங்கக்கா."

கத்தரிக்காய் சொத்தையா என்றுகூடப் பார்க்காமல் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 30, சனி

கடைசிக் கல்லுக்கு முந்தின கல் வரைக்கும் போய்விட்டார். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, "மதுரைக்கு ஃபோன் பண்ணிச் சொல்லிட்டேன், அஞ்சாந்தேதி வரலன்னு" என்றார்.

"யாரக் கேட்டு?"

"யாரக் கேக்கணும்? கை வந்துக்கிட்டிருக்கும்போது எவனாவது போய்க் கத்தி வையிடான்னு படுப்பானா?"

"டெஸ்டுதானங்க. ஷகிலாகூட ஒண்ணும் மாறலங்குறா."

"ஷகிலா கையாலதான தொட்டுப் பாக்குறா. ஆளுக்கு ஆளு வித்தியாசம் வரும். லெவலு மாறாது ரெஜி. அன்னைக்கு மொதக் கல்லுல விழுந்தேன். இன்னைக்குக் கடசிக் கல்லு கிட்ட நிக்கிறேன். கல்லு அதேதான். அப்ப மாறுனது யாரு? நான்தான? இதவிட என்ன டெஸ்டு வேணும்?"

நான் வாயைத் திறந்தேன். அவர் முகம் அப்படி மலர்ந்திருந்தது. மூடிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

பூசைக்குப் போனேன். சாமியார் நற்கருணை கொடுத்தபோது எழுந்துபோய் நன்மை வாங்கவில்லை. கால் வலி என்று இவரிடம் சொன்னேன்.

செப்டம்பர் 1, திங்கள்

இந்த டைரியிலாவது எழுதிவிடுகிறேன். கல் பத்து என்று நிற்கிறது. அவர் ஷகிலாவிடம் போகிற நேரத்தில் ஏழாக்கினேன், பிறகு எட்டாக்கினேன், பிறகு ஒவ்வொரு கல்லாகத் திறந்து பத்தாக்கினேன். குளத்தில் விழுந்து விழுந்து மனுஷன் சோறு தின்னாமல் கிடந்தாரே, அதற்காகத்தான் செய்தேன். ஒருநாள் தாண்டட்டும், தெம்பு வரட்டும், பிறகு மெதுவாகப் பழையபடி ஆக்கிவிடலாம் என்று நினைத்தேன். அவர் அதை வைத்து டாக்டரை வேண்டாம் என்பார் என்று நான் கனவா கண்டேன்?

சொல்லிவிடத்தான் வேண்டும். ஆனால் சொல்லாமலே ஒரு வழி இருக்கிறது.

செப்டம்பர் 2, செவ்வாய்

மேசையைத் துடைத்தேன். எட்டு.

செப்டம்பர் 3, புதன்

மூன்றாவது கல்லில் விழுந்தார். திரும்பத் திரும்ப விழுந்தார். இப்போது பயந்து டாக்டரிடம் போவார் என்று எதிர்பார்த்தேன். "நேத்து சரியாத் தூங்கல, அதான்" என்கிறார்.

செப்டம்பர் 5, வெள்ளி

இன்றைக்குத்தான் டெஸ்ட் தேதி. மதுரை பஸ் எங்கள் தெருமுனையைத் தாண்டிப் போகிற சத்தம் ஒவ்வொரு தடவையும் கேட்டது. "போய்ட்டு வந்துருவோமே" என்றேன். கேட்காத மாதிரி விளையாடிக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 7, ஞாயிறு

பழகினால் வரும் என்று காலையிலிருந்து கையை மேசையில் குத்திக் குத்தி விளையாடியதில் மணிக்கட்டு வீங்கிவிட்டது. ஐஸ் வைக்கப் போனேன். தட்டிவிட்டார். கையைத் தாங்கும் பட்டையைக் கழற்றிச் சுவரில் எறிந்தார்.

"வந்த கையி எங்க போச்சு? நான் என்னத்தத் தப்பாப் பண்ணுனேன்? நான்தான் எங்கயோ கெடுத்துட்டேன். வந்துச்சு, நான்தான் கெடுத்துட்டேன்."

அதையே சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அழுதார் என்று நினைக்கிறேன். கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் அவர் அப்பா செத்தபோதுகூட நான் அதைப் பார்த்ததில்லை. நாசமாய்ப்போனவள் நான்.

செப்டம்பர் 8, திங்கள்

லேபுக்கு லீவு சொன்னேன். காலைக் காப்பியை அவர் முன் வைத்துவிட்டு எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"நீங்க ஒண்ணும் கெடுக்கல. கை வரவே இல்ல. கல்லு நிக்கிற நேரத்த நான்தான் கூட்டி வச்சேன்."

புரியாமல் பார்த்தார். பிறகு புரிந்தது. புரிகிறது என்பதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"எத்தன?"

"மொதல்ல ஏழு. அப்பறம் எட்டு. பத்து வரைக்கும் போனேன். போன வாரம் திரும்ப எட்டாக்குனேன்."

"கூட்டுனது சரி. கொறச்சது எதுக்கு?"

"நீங்க விழணும்னு. விழுந்தா டாக்டர்ட்டப் போவீங்கன்னு."

காப்பியில் ஆடை படிந்தது. அவர் டம்ளரைத் தொடவில்லை.

"விழுந்தப்ப நான் என்னயத்தான் திட்டிக்கிட்டிருந்தேன் ரெஜி."

"தெரியும்."

"நீ சமையக்கட்டுல நின்னு கேட்டுக்கிட்டிருந்த."

"ஆமா."

"ஒரு வாரம்."

"உங்களுக்காகத்தான்" என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது. அதைச் சொன்னால் எழுந்து போய்விடுவார் என்று தெரிந்தது.

"வா. பழையபடி ஆறு போடு" என்றார்.

ஒவ்வொரு கல்லாகத் திறந்து ஆறு போட்டேன். ஒவ்வொன்றையும் மூடுவதற்கு முன் குனிந்து பார்த்தார். நான் போட்ட எண்ணை அவர் சரிபார்த்தது இதுதான் முதல் தடவை. பிறகு உட்கார்ந்து விளையாடினார். முதல் கல்லில் ஏறினார். கையைத் தூக்கி விரலை எடுப்பதற்குள் கல் மூழ்கியது. மறுபடி ஏறினார், மூழ்கியது. ஐந்தாறு தடவை ஆனபிறகு கம்ப்யூட்டரை அணைத்துவிட்டார்.

"மதுரை நம்பரப் போட்டுக் குடு. நீ பேசாத. நான் பேசுறேன்."

செப்டம்பர் 9, செவ்வாய்

ஹாலில் படுத்துக்கொள்கிறார். பேச்சு இல்லை. சாப்பாடு போட்டால் சாப்பிடுகிறார்.

செப்டம்பர் 12, வெள்ளி

மதுரைக்குப் போனோம். கையில் ஊசி குத்தி மின்சாரம் விட்டுப் பார்த்தார்கள். தலையைத் திருப்பிக்கொள்ளாமல் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மணிக்கட்டுக்குப் போகிற நரம்பில் ஒன்றுமே வரவில்லை.

"அஞ்சாந்தேதி வந்திருக்க வேண்டியது. ஒரு வாரம்தான் போச்சு, பரவாயில்ல. இன்னும் ரெண்டு மாசம் கழிச்சு வந்திருந்தீங்கன்னா நான் கையை விரிச்சிருப்பேன்" என்றார் டாக்டர். "ஏன் வரல?"

நான் தரையைப் பார்த்தேன்.

"கை வந்துருச்சுன்னு நெனச்சுட்டேன் சார்" என்றார் இவர்.

என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். டாக்டர் முன்னால் நாலு வார்த்தை திட்டியிருந்தால் நானும் நிம்மதியாக அழுதிருப்பேன். பஸ்ஸில் கொடைரோடு வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்து வந்தேன். ஆபரேஷன் இருபத்திரண்டாம் தேதி.

செப்டம்பர் 18, வியாழன்

குகனுக்குக் குரல் செய்தி அனுப்பினார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். என்னைப் போகச் சொல்லவில்லை.

"தம்பி, என் லெவல என்னால தாண்ட முடியல. இந்த வருசம் நான் இல்ல."

குகன் உடனே கூப்பிட்டுவிட்டான். "அண்ணை, கை ஏலாத ஆளுக்கு என்னத்துக்குச் சட்டம்? எல்லாருக்கும் உங்களைத் தெரியும். நாங்கள் விடுறம், நீங்கள் போடுங்கோ."

"வேண்டாம்ப்பா. நான் தாண்டாதத அடுத்தவன்ட்ட எப்படிக் குடுக்க? இன்னொருத்தனுக்கு நான் விட்டுக்குடுத்திருப்பேனா?"

பிறகு அவன் கேட்டான்: "நாலாவது கல்லில நிக்கிறன் எண்டு சொன்னியளே அண்ணை?"

"அது... கல்லு கொஞ்சம் கூடுதலா நின்னுருச்சு" என்றார். ஃபோனை வைத்துவிட்டு, நான் மடித்த துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.

செப்டம்பர் 22, திங்கள்

ஆபரேஷன் முடிந்தது. நரம்பு அறுபடவில்லை. எலும்பு கூடின இடத்தில் சிக்கி நசுங்கிக் கிடந்திருக்கிறது. பிரித்து விட்டிருக்கிறார்கள். திரும்ப உயிர் வருமா என்று கேட்டதற்கு, "வரலாம். மாசக்கணக்காகும். உறுதியாச் சொல்ல முடியாதும்மா" என்றார் டாக்டர். உள்ளதை உள்ளபடி சொன்னார். எனக்கு அவரைக் கும்பிடத் தோன்றியது.

செப்டம்பர் 30, செவ்வாய்

போட்டி முடிந்தது. படுத்துக்கொண்டே மற்றவர்கள் தாண்டுகிற வீடியோக்களைப் பார்த்தார். ஒருத்தன் நன்றாகக் கட்டியிருக்கிறான் என்று என்னிடம் சொன்னார். எட்டாம் தேதிக்குப் பிறகு சாப்பாடு, மாத்திரை தவிர்த்து என்னிடம் பேசின முதல் பேச்சு.

அக்டோபர் 11, சனி

தையல் பிரித்த இடத்தைப் பார்த்து "புண்ணு நல்லா ஆறிருச்சுங்க" என்றேன். "ம்" என்றார். நான் போனபிறகு பீரோக் கண்ணாடி முன்னால் நின்று தோளைத் திருப்பித் திருப்பி அவரே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 23, வியாழன்

டாக்டர் சொன்னபடி இவருக்கு ரத்தம் எடுத்து லேபில் பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் "சுகரு கிகரு ஒண்ணும் இல்ல, எல்லாம் நார்மல்" என்றேன்.

"பேப்பர் இருக்கா?"

"நான்தான பாத்தேன்?"

"இருந்தாக் குடு."

எனக்குக் கோபம் எங்கிருந்துதான் வந்ததோ. கைப்பையைத் தரையில் போட்டேன். "ஊர்ல பாதிப் பேரு என் கையெழுத்த நம்பித்தான் மாத்திரை முழுங்குறான். உங்களுக்கு மட்டும் பேப்பர் வேணுமா?"

இவர் கோபப்படவில்லை. "ஊர்க்காரனுக்கு நீ மனசு எளகி ஒண்ணும் பண்ணமாட்ட ரெஜி. எனக்குப் பண்ணுவ. அதான் பயமா இருக்கு" என்றார்.

பேப்பரை எடுத்துக் கொடுத்தேன். வாசித்துவிட்டு மடித்து வைத்தார்.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். கல்லறைக்குப் போனோம். மெழுகுவர்த்தியை இடது கையால் பற்றவைத்தார். காற்றுக்கு நான் கையால் மறைத்துக்கொண்டேன். திரும்பி வந்து கட்டிலில் படுத்துக்கொண்டார். ஹாலில் பாய் சுருட்டினபடி இருந்தது.

நவம்பர் 29, சனி

ஷகிலா தினமும் வீட்டுக்கு வருகிறாள். ஒன்றும் இல்லை.

டிசம்பர் 25, வியாழன்

ராப்பூசை. பிரியாணி. கை அப்படியே. "வரும்" என்று எல்லாரும் இவரிடம் சொன்னார்கள். நான் மட்டும் சொல்லவில்லை.

ஜனவரி 17, சனி

இவர் வேலை பார்த்த அச்சாபீஸ் முதலாளி வந்துபோனார். இடது கையால் மௌஸ் பிடிக்கப் பழகினால் பாதி நாள் வரலாம் என்றார். பழகிப் பார்க்கிறேன் என்றார் இவர். அவர் போனதும், "கை வராட்டியும் என்ன, ஒரு வழி பண்ணிக்குவோம்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அப்படிச் சொல்ல அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அடுப்படிக்கு வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 3, செவ்வாய்

பார்த்துவிட்டேன்.

மத்தியானம் நாற்காலியில் சாய்ந்து யாருடைய வீடியோவையோ பார்த்துக்கொண்டிருந்தார். வலது கை நாற்காலிக் கையில் கிடந்தது, மணிக்கட்டிலிருந்து கீழே தொங்கிக்கொண்டு. புறங்கையில் ஈ உட்கார்ந்தது. மணிக்கட்டு மேலே வந்தது. ரொம்ப இல்லை. ஒரு நூல் அளவு. ஈ பறந்தது. கை திரும்பத் தொங்கியது. அவர் வீடியோவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

என் வாய்க்குள் வந்துவிட்டது. கத்தியிருப்பேன். அவரைக் கூப்பிட வாயெடுத்தவள், அப்படியே நின்றுவிட்டேன்.

நான் சொன்னால் என்ன ஆகும்? கையைப் பார்ப்பார். தூக்கிப் பார்ப்பார். அந்த நிமிஷம் வராமல் போகலாம். இவள் மறுபடியும் ஆரம்பித்துவிட்டாள் என்று நினைப்பார். வாயால் சொல்லமாட்டார், "ம்" என்பார். சரியாகவே தூக்கினாலும் முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பார், அதில் எத்தனை கூட்டி வைத்திருக்கிறேன் என்று.

ஒருவேளை எனக்குத்தான் கண் ஏமாற்றிவிட்டதோ? இல்லை. ரத்தத்தில் அணுவைப் பார்த்து எண்ணுகிற கண் இது. பார்த்தேன்.

போய் ரசத்துக்குப் புளி கரைத்தேன். கரைத்துக்கொண்டே இருந்தேன்.

பிப்ரவரி 4, புதன்

ஷகிலா வந்தபோது அவளிடமும் சொல்லவில்லை. அவள் கண்டுபிடிக்கவும் இல்லை. நல்ல செய்தியை வாய்க்குள் வைத்துக்கொண்டு திரிகிறவள் ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

லேபிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

"ரெஜி. இங்க வா."

குரலில் ஏதோ இருந்தது. போனேன். மேசை ஓரத்தில் முழங்கையை ஊன்றி உட்கார்ந்திருந்தார். கை விளிம்பில் தொங்கியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார், என்னைப் பார்க்கவில்லை.

மணிக்கட்டு நடுங்கியது. மெதுவாக மேலே வந்தது. ஒரு விரல் அகலம் இருக்கும். நின்றது. பிறகு இறங்கிவிட்டது.

ஓடிப்போய்ப் பிடிக்கத் தோன்றியது. பிடிக்கவில்லை. "வந்துருச்சுங்க" என்று சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை.

வெகுநேரம் கழித்துத் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். கண் நிறைந்திருந்தது.

"நீ எதுவும் பண்ணலயே?"

அவருடைய சொந்தக் கையைக் காட்டித்தான் கேட்டார்.

"இல்லங்க" என்றேன்.

நம்பினாரா தெரியவில்லை. மறுபடி தூக்கினார்.